பதினாலாம் நம்பர் பெட்டி

செல்போன் கோபுரங்களைக் குண்டுவைத்துத் தகர்த்த மூன்றாம் நாள். ஆம்புலன்ஸ்களில் இருந்த ரேடியோக் கைப்பெட்டிகள் எல்லாம் ஆஸ்பத்திரிக் கீழறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெக்கானிக் செய்தவை. அவற்றுக்குக் கோபுரம் வேண்டாம். ஒவ்வொரு பெட்டியும் தான் நிற்கும் இடத்தைச் சொல்லும். செய்தி போகவேண்டிய இடத்துக்கு எந்தப் பெட்டி கிட்டமோ அதன் கைக்கு மாறி மாறிப் போகும். சொன்ன இடம் நிஜம்தானா என்று பார்க்கும் சோதனையையும் வைத்திருந்தாள். பேட்டரியைத் தின்கிறது என்று டிரைவர்கள் கத்தியதால் நேற்று அதை அணைத்துவிட்டாள். முதலில் கத்தியவன் அவளுடைய சொந்தத் தம்பி.

"பாலத்துக்குப் போகாதீங்க, சுடுறாங்க" என்று காலையிலிருந்து பத்துத் தடவை அனுப்பிவிட்டாள். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. இரண்டு வண்டிகள் சல்லடையாகத் திரும்பின. ஒரு நர்ஸுக்குத் தாடையே இல்லை.

சோதனையைத் திரும்பப் போட்டாள். பாலத்தில் இருப்பதாகச் சொன்ன ஒரு பெட்டியின் பதில், அவ்வளவு தூரத்துக்கான நேரம் எடுக்காமல், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தையிலிருந்து வருகிற வேகத்தில் வந்தது. செய்திகளை வாங்கி விழுங்கியது அதுதான். நம்பர் பதினாலு. தம்பியுடையது.

"அவன்கிட்டேருந்து புடுங்கிட்டானுங்க. வெட்டி விடும்மா," என்றார் டாக்டர். முழங்கை வரை ரத்தம்.

"வெட்டினா அவன் கூப்பிட்டாலும் எந்தப் பெட்டியும் வாங்காது சார்."

"இன்னும் உயிரோட இருக்கான்னு நம்புறியா?"

நம்பினாள். அந்த நம்பிக்கையில் இருபது நிமிடம் போனது. மூன்றாவது வண்டி ஆட்களோடு எரிந்தது. அதற்குப் பிறகே பதினாலை வெட்டினாள்.

செய்திகள் மடை திறந்ததுபோல் பாய்ந்தன. நான்காவது வண்டி பாலத்துக்கு முன்பே திரும்பிவிட்டது. டாக்டர் தோளில் தட்டியபோது அந்தக் கையை உதறித்தள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

கொஞ்சம் மூச்சு விட்டபின்தான், வெட்டிய பெட்டியிலிருந்து வந்ததால் வாங்காமல் தள்ளிய செய்திகளின் பட்டியலைப் பார்த்தாள். பதினாலிலிருந்து ஏழு செய்திகள். இடையில் வேறு பெட்டி எதுவும் இல்லை. அவளுடைய பெட்டியே நேராகக் கேட்டு, நேராகத் தள்ளியிருந்தது.

"அக்கா, பெட்டியப் புடுங்கினவனைக் குத்திட்டுத் திரும்ப வாங்கிட்டேன். எனக்கு வயித்துல குண்டு. வாசல்கிட்ட கிடக்கேன், ஆள் அனுப்பு."

ஆறு முறை அதேதான். ஏழாவது: "அக்கா, கேக்குதா?"

சொன்ன இடம் முப்பதடி தூரம். இந்த முறை பெட்டி பொய் சொல்லவில்லை. படியேறி ஓடினாள். வாசல் சுவரில் சாய்ந்து கிடந்தான். மடியில் பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது, மூச்சு இல்லை.