ஏகநாதன் வாயிலிருந்த ஏ.பா.மு.க.

1964ஆம் வருஷம் தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றிலிருந்து, கிழக்குத் தாம்பரத்துக்கு அப்பால் ஏரிக்கரையில் குடியிருந்த ஏகநாதனால் ஏ.பா.மு.க. என்று சொல்லாமல் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியவில்லை. ஏரிப் பாசன முன்னேற்றக் கழகம் என்பதன் சுருக்கம் அது. ஏரியைத் தூர்த்து மனை போடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், ஊரில் டிராக்டர் வைத்திருந்த ஒரே ஆளான சம்பந்தம் அந்தக் கட்சியைத் தொடங்கினார். சேர்ந்த நாற்பத்து மூன்று பேரையும் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், உயிர் உள்ளவரை கழகத்தின் பெயர் வாயை விட்டு அகலாது என்று, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்துச் சத்தியம் பண்ணவைத்தார். நாற்பத்து இரண்டு பேர் அடித்துவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஏகநாதன் மட்டும் மனசார அடித்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

மறுநாள் காலை மனைவி கிளியம்மாளிடம் ஏ.பா.மு.க. தண்ணீர் கேட்டார். உழவு மாடுகளை அதட்டும்போதும் அது வந்தது. மாடுகள் இரண்டு நாளில் பழகிக்கொண்டன. ‘ஏ.பா.மு.க. பல்லாவரம் ஒண்ணு’ என்றால் பஸ் கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்தார். டாக்டர் வில்பிரட் நாக்கை நீட்டச்சொல்லிப் பார்த்து, நாக்கில் கோளாறு இல்லை என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். சம்பந்தத்துக்கோ கொண்டாட்டம். படப்பை வரைக்கும் மேடை மேடையாக ஏற்றி, தொண்டன் என்றால் இவனல்லவா தொண்டன் என்று காட்டினார். அப்படியும் அறுபத்தேழு தேர்தலில் கட்சிக்கு டெபாசிட் போயிற்று. எழுபத்தொன்றில் சம்பந்தம் கழகத்தைக் கலைத்துவிட்டுப் பெரிய கட்சி ஒன்றில் சேர்ந்தார். நாற்பத்து இரண்டு பேரும் துண்டை மாற்றிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். கட்சி போன பிறகும் அதன் பெயர் ஏகநாதன் வாயில் குடியிருந்தது.

அதற்குள் சம்பந்தம் மனை வியாபாரத்தில் இறங்கிவிட்டார். ஏரிக்குக் கீழே ஏகநாதனுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. மூன்று தலைமுறையாக உழுத நிலம். பட்டா மட்டும் இல்லை. 1973இல் பட்டா விசாரணை வந்தது. நிலம் என்னுடையது என்று உழுகிறவர் தன் வாயால் சொல்லவேண்டும், எழுத்தர் எழுதிக்கொள்வார், அவ்வளவுதான் வேலை. சத்தியம் வாங்கினவரே அதே சந்நிதியில் மறுபடி கற்பூரம் ஏற்றினால் சத்தியம் இறங்கிவிடும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். விசாரணைக்கு முதல் நாள் கிளியம்மாள் போய்ச் சம்பந்தத்தின் வாசலில் நின்றாள்.

“நீதாண்ணா கற்பூரம் கொளுத்துன, நீயே வாங்கிக்க. நாளைக்கு அவுரு வாய் சுத்தமா இருக்கணும்ணா.”

“வாங்கிக்கிறேம்மா. விசாரணை முடியட்டும்,” என்றார் சம்பந்தம்.

மறுநாள் ஏகநாதன் அதிகாரி முன்னால் கைகட்டி நின்று, “அது ஏ.பா.மு.க. நெலம் சார்,” என்றார். வியர்த்துப்போய் மறுபடி முயன்றார். எங்கப்பன் ஏ.பா.மு.க. உழுத நிலம் என்றுதான் வந்தது. கிளியம்மாள் குறுக்கே பேசப்போக, உழுகிறவர்தான் சொல்லவேண்டும் என்று அவளை உட்காரவைத்தார்கள். அவர் என்ன சொல்லவருகிறார் என்று அதிகாரிக்குத் தெரியும், எழுத்தருக்குத் தெரியும், சுற்றி நின்ற நாற்பத்து இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. நிலம் கழகத்துக்குச் சொந்தம் என்று வாக்குமூலம் எழுதப்பட்டது. கலைந்த கழகத்தின் சொத்துக்குக் கடைசித் தலைவரே பொறுப்பு என்று பட்டா சம்பந்தத்தின் பெயருக்குப் போயிற்று. கீழே ஏகநாதன் கைநாட்டு வைத்தார்.

சம்பந்தம் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்கு வந்து, கற்பூரம் ஏற்றி, ஏகநாதனின் கையைப் பிடித்துச் சத்தியத்தை வாங்கிக்கொண்டார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஏகநாதன் வாயிலிருந்து சுத்தமான வாக்கியம் ஒன்று வந்தது.

“அது என் நெலம்.”

“ஆமாம்பா, உன்னுதுதான்,” என்றார் சம்பந்தம். திருநீறு பூசிக்கொண்டு, அளவுச் சங்கிலியோடு வெளியே காத்திருந்த சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வயலுக்கு நடந்தார். கோயிலில் இருந்தவர்கள் ஏகநாதனுக்குப் பேச்சு சரியாகிவிட்டதென்று சந்தோஷப்பட்டார்கள்.