வானத்துக்கு நேரான வீடு

அமெரிக்காவின் பேர்லேண்டில் கிட்டுசாமி அவர்களின் வீடு ஒரு சனிக்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு வடக்குப் பக்கமாக இரண்டு டிகிரி திரும்பியது. அடுப்பிலிருந்த பால் சிந்தவில்லை.

அந்த வீட்டை வாங்குமுன் அவருடைய மனைவி நாகமணி முப்பத்தொரு வீடுகளை வாசற்படியிலேயே நிராகரித்திருந்தார். முப்பத்திரண்டாவதைக் கோயம்புத்தூர் வாஸ்து நிபுணர் ஒருவர் வீடியோ காலில் பார்த்து, வாசலில் வைத்த காந்த ஊசியைக் காட்டச் சொல்லி, அச்சுப் பிசகாத கிழக்கு என்று உறுதியளித்தார். அன்று முதல் அவ்வட்டாரத் தமிழர்கள் வீடு பார்க்கச் சென்றபோதெல்லாம் நாகமணியையும் அவருடைய ஊசியையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். நான்கு ஆண்டுகளில் பதினேழு குடும்பங்கள் அவர் தலையசைத்த பிறகே கையெழுத்திட்டன.

இவ்வாறிருக்க, ஒரு சமையல் போட்டியில் நாகமணி கொள்ளு ரசம் வைத்தார். அதைத் தமிழ்ச் சேனல் ஒன்று சனிக்கிழமை பதினொரு மணிக்கு, ஒரே ஒரு முறை, சாட்டிலைட் வழியாக மட்டும் காட்டவிருந்தது. நாகமணி பதினேழு குடும்பங்களையும் அழைத்துவிட்டார். கிட்டுசாமி மோட்டார் வைத்த டிஷ் ஒன்றை வாங்கிப் பின்சுவரில் பொருத்தினார். அத்தகைய டிஷ்ஷை நேர் தெற்கு பார்த்து நிறுத்திவிட்டால், சாட்டிலைட்டுகள் வரிசையாக நிற்கும் வான்வளைவின் மீதே மோட்டார் அதை நகர்த்திச் செல்லும். வீடுதான் நேர் கிழக்காயிற்றே என்று அவர் சுவரை வைத்தே தெற்கைக் குறித்தார். நடுவானச் சேனல்கள் வந்தன. கிழக்கே போகப்போக டிஷ் வளைவுக்குக் கீழே சறுக்கியது. தமிழ்ச் சேனலோ கிழக்குக் கோடியில் இருந்தது. அவ்வூரில் காந்த ஊசி உண்மை வடக்கை விட்டு இரண்டு டிகிரி விலகியே நிற்கும் என்பது, ஹால் நிறைய விருந்தினர் அமர்ந்த பிறகே அவருக்கு விளங்கியது.

மனைவியைக் கொல்லைப்புறம் அழைத்தார். "டிஷ் மேல தப்பில்ல நாகு. வீடுதான் ரெண்டு டிகிரி ஆஃப்."

"மெதுவாப் பேசுங்க! பதினேழு வீட்டுக்காரங்களும் உள்ள இருக்காங்க. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போறது?"

"டிஷ்ஷ மட்டும் லைட்டா திருப்பி அட்ஜஸ்ட் பண்ணிடறேன்."

"சுவத்துக்குக் கோணலா நின்னா அபயாம்பாள் ஆன்ட்டி ஃபோட்டோ எடுத்து குரூப்ல போட்டுருவாங்க. என்னமோ பண்ணுங்க, கோணல் மட்டும் தெரியக் கூடாதுங்க."

மகள் வெண்பா எட்டிப் பார்த்து, "டென் மினிட்ஸ், அப்பா," என்றாள்.

கிட்டுசாமி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் தம் முழு பலத்தையும் கொடுத்தார். போல்ட் அசையவில்லை, வீடு அசைந்தது. டிஷ், சுவர், ஹால், சோபா, பதினேழு குடும்பங்கள் அனைத்தும் ஒருசேரத் திரும்பி உண்மையான கிழக்கில் நின்றன. அபயாம்பாள் காப்பி டம்ளரை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "இப்பதான் ஏசி காத்து நேரா வருது," என்றார். பதினொரு மணிக்குத் திரையில் நாகமணி ரசத்தைத் தாளித்தார். ஹாலில் விசில் பறந்தது.

தெருவிலிருந்து வரும் கார் பாதை கராஜை விட்டு ஒன்றரை அடி விலகியிருப்பதை விருந்தினர் கிளம்பும்போதுதான் கண்டார்கள். நாகமணி சற்றும் தடுமாறாமல், "வாஸ்துல புது அப்டேட் வந்திருக்குங்க," என்றார். அன்று மாலைக்குள் பதினேழு பேரும் தேதி கேட்டுவிட்டார்கள். கிட்டுசாமி ஆறு சனிக்கிழமைகளில் அத்தனை வீடுகளையும் திருப்பி வைத்தார். அப்பகுதியில் இப்போது கோணலாக இருப்பவை தெருக்கள் மட்டுமே. அவற்றைத் திருப்புவதற்கு நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குகிறார்கள்.