விரிப்பு மடித்த பிறகு

பாமீர் மலைகளில் விருந்தாளியின் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதன் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. கோரோக் கல்லூரியில் மூன்று வருஷம் சட்டம் படித்ததால் வந்த தகுதி அது.

எங்கள் பர்தாங் பள்ளத்தாக்கில் மற்ற யாராலும் முடியாது. ரொட்டி பரிமாறும் விரிப்பு தரையில் கிடக்கிறவரை விருந்தாளி கேட்டதை மறுக்கக் கூடாது. விருந்தாளி குடித்து முடித்த பின் விரிப்பை மடித்து, எல்லோரும் சாப்பாட்டுப் பிரார்த்தனையாக இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்ட பிறகுதான் சண்டை போடலாம்.

வளர்ச்சித் திட்டக்காரர்கள் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வருவார்கள். "ஆட்சேபம் உண்டா?" என்பார்கள். ஊர் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும். "ஒருமனதாக ஒப்புதல்" என்று எழுதிக்கொண்டு, கடைசி வாய்த் தேநீர் தொண்டையில் இறங்குவதற்குள் ஜீப்பில் ஏறிவிடுவார்கள். ஜீப் வளைவைத் தாண்டியதும் விரிப்பு மடியும். பிறகு மூன்று மணி நேரம் ஊரே புழுதியைப் பார்த்து மறுக்கும்.

எங்கள் மேட்டு மேய்ச்சல் நிலம் பனிச்சிறுத்தைக் காப்பகமாக மாற ஒப்புக்கொண்டதும் இப்படித்தான். நாளைக்குக் கடைசிக் கையெழுத்து. அதைப் போட்டால் தவ்லத்மோ அத்தையின் பதினோரு யாக் மாடுகளுக்கும் கோடையில் புல் கிடையாது. கீழே எங்களுக்கு இருக்கிற நிலத்தில் யாக் நின்று திரும்பினாலே பக்கத்து வீட்டுக் கோதுமை போய்விடும்.

"ரொட்டிக்குப் பயந்த ஊர் அத்தே இது," என்றேன். "நாளைக்கு நான் பேசுறேன். விரிப்பு கிடந்தா என்ன, கிடக்காட்டி என்ன."

"வாய் இருக்குடா கிமத்ஷோ உனக்கு. உள்ள பல்லு இருக்கான்னு நாளைக்குப் பாத்துக்கலாம்."

"தொல்குடிங்க சம்மதம் இல்லாம அவங்க நிலத்தைத் தொடக் கூடாதுன்னு உலக நாடுங்க கூடி முடிவு பண்ணிருக்கு, தெரியுமா?"

"கூடுனாங்க சரி. என்ன சாப்பிட்டாங்களாம்?"

மறுநாள் அத்தையின் ஐந்து தூண் வீட்டில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். தலைநகரிலிருந்து ஜமோல் என்ற அதிகாரியும், பணம் கொடுக்கிற நிறுவனத்தின் வெளிநாட்டு அம்மாவும் வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு மொழிபெயர்ப்பவன் நான்.

அம்மா ஒரு தடித்த புத்தகத்தை அத்தையிடம் நீட்டினார். அட்டையில் அத்தையே ரொட்டி பிய்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். போன கோடையில் பேட்டி கேட்க வந்தபோது எடுத்த படம்.

"மேல என்னடா எழுதிருக்கு?"

"முடிவெடுக்கும் மேஜையில் மலைத் தொல்குடிகள்."

"நம்ம வீட்டுல மேஜையே இல்லையேடா." பக்கங்களைப் புரட்டினாள். "என் மூஞ்சி இருக்கு. நான் சொன்னது எங்க இருக்கு?"

தேடினேன். எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது: 'உள்ளூர்ப் பெண்கள் திட்டத்தை மகிழ்ச்சியுடன் வரவேற்றனர்.'

படித்துக் காட்டினேன். அத்தை புத்தகத்தை மூடி வைத்தாள். விருந்தாளிகளின் கிண்ணங்களில் உப்புத் தேநீரை ஊற்றி, வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டாள். வெண்ணெய் அந்த மேய்ச்சலில் கடைந்தது.

ஜமோல் ஒரு தாளை எடுத்து வைத்தார். "எல்லாருக்கும் சம்மதம்தானே? தவ்லத்மோ அக்கா, நீங்க முதல்ல போடுங்க." தாளில் கையெழுத்துக்கு நாற்பது கட்டங்கள் இருந்தன. மறுப்பு எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

நான் எழுந்தேன். மூன்று வருஷச் சட்டமும் நாக்கு நுனியில் இருந்தது. நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். என் காலடியில் ரொட்டி கிடந்தது.

"ஏதோ சொல்ல வருகிறீர்களே?" என்றார் வெளிநாட்டு அம்மா.

"தேநீரில் உப்பு போதுமா என்று கேட்கிறார்கள்," என்றேன்.

"பிரமாதம்," என்று அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அத்தை பேனாவை வாங்கினாள். விருந்தாளி கேட்டுவிட்டார், விரிப்பு கிடக்கிறது, வேறென்ன செய்வாள்? முதல் கட்டத்துக்கு மேல் பேனா நின்றது. பதினோரு மாட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள், தன் பேரை எழுதத் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஜமோல் குனிந்து, எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினார்.

நான் மண்டியிட்டேன். மிச்ச ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ரொட்டியைக் கவிழ்க்கக் கூடாது என்பதால் முகம் மேலே பார்க்க அடுக்கினேன். அம்மாவின் கிண்ணத்தை எடுத்துத் தூணோரம் வைத்தேன்.

"என்னப்பா பண்ற? நான் இன்னும் குடிச்சு முடிக்கல," என்றார் ஜமோல்.

அவர் கையிலிருந்ததையும் மெதுவாக வாங்கி வைத்தேன். எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு அவமரியாதை கிடையாது. யாரோ ஒரு கிழவர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. விரிப்பின் நுனியைப் பிடித்து மடித்தேன். மறுபடி மடித்தேன். நாலாவது மடிப்பு முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு இரண்டு கையையும் தூக்கி முகத்தைத் தடவிக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் ஒவ்வொரு கையாக முகத்துக்கு உயர்ந்தது.

அத்தை பேனாவைத் தாளின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜமோல் பக்கம் தள்ளினாள்.

"இப்ப நான் பேசுறேன்," என்றாள். "ஒரு வார்த்தை விடாம மொழிபெயர்டா."