மூன்றாவது இடிதாங்கி

காலை பதினொன்று நாற்பதுக்கு ரஞ்சித் மூன்றாவது கம்பத்தில் ஏறினான். முதல் இரண்டு இடிதாங்கிகளும் கீழே ஈயப் பெட்டிக்குள் இருந்தன.

இந்த மலை விடுதி ஒரு காலத்தில் எஸ்டேட் பங்களாவாக இருந்தது. இடிதாங்கிகள் அப்போது வைத்தவை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தட்டு, அதைச் சுற்றிக் கதிரியக்கப் பொருள் பூசிய சிறு தகடுகள். அந்தக் காலத்தில் இது மின்னலை நன்றாக இழுக்கும் என்று நம்பி விற்றார்கள். இப்போது சட்டப்படி வைத்திருக்கக் கூடாது.

கவிதா விடுதியின் கொள்முதல் அலுவலர். அவற்றைக் கழற்றி எடுக்க மூன்று பேரிடம் விலை கேட்பது விதி. ஒருவர் பதில் போடவில்லை. சேலத்துப் பழைய இரும்புக்காரர் கிலோவுக்கு இவ்வளவு தருவதாக எழுதினார். ரஞ்சித்தின் கம்பெனி மட்டும் வேலையை எழுதியது: கழற்றி ஆலைக்குக் கொண்டுபோவோம், தகடுகளைப் பிரித்து சிமெண்டில் அடைப்போம், மிச்ச உலோகத்தைக் கழுவி, அளந்து பார்த்து உருக்கக் கொடுப்போம்.

முதலாளி வெங்கடாசலம் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒருத்தன் காசு தர்றேங்கறான். ஒருத்தன் காசு கேக்கறான். நீ கேக்கறவனுக்குக் குடுக்கோணுங்கறே?"

"ஆமாங்க."

"நல்லா இருக்குது போ," என்று கையெழுத்துப் போட்டார்.

கதிரியக்கப் பொருளைக் கொண்டுபோக அரசு அனுமதி வேண்டும்; அந்த விண்ணப்பத்தில் கவிதா மூன்று என்று எழுதியிருந்தாள். முற்றத்தில் நின்று எண்ணியதுதான், ஏறிப் பார்க்கவில்லை. அனுமதியிலும் மூன்று. வண்டி மாலை ஐந்துக்குள் மலை இறங்க வேண்டும். ஒன்று குறைந்தால், கதிரியக்கப் பொருள் காணவில்லை என்று அவள் பெயரில் புகார் போகும்.

மேலே ரஞ்சித் கதிர்வீச்சு அளக்கும் கருவியை நீட்டினான். முதல் இரண்டுக்கும் படபடவென்று அடித்த கருவி இப்போது சும்மா இருந்தது.

"மேடம், இது சொம்புங்க."

"என்னது?"

"பித்தளைச் சொம்பு. கவுத்து வெச்சு வெள்ளி பெயிண்ட் அடிச்சிருக்குது. சுத்தியும் நாலு ஸ்பூனு."

ஏணியைப் பிடித்திருந்த தோட்டக்காரர் ஐயாக்கண்ணு தலை நிமிரவில்லை. வருடாவருடம் கம்பங்களுக்கு பெயிண்ட் அடிப்பவர் அவர்தான்.

"ஏனுங்கண்ணா?" என்றாள் கவிதா.

"ஸ்பூனு நம்ம கேன்டீனுதுங்க. சொம்பு என்னுது."

"நான் அதைக் கேக்கலீங்க."

"அது ஊட்டுல இருக்குதுங்க."

காப்பிச் செடிகளுக்கு நடுவே பாதை இறங்கியது. அரை மணி நடை. ரஞ்சித் கருவியைப் பிடித்தபடி முன்னால் போனான்.

"எதுக்குங்கண்ணா எடுத்தீங்க?"

"இடி உளுந்து ரெண்டு மாடு போயிருச்சுங்க. பங்களாவுல மூணு இருந்துச்சு. எங்கூட்டுல ஒண்ணுமில்லீங்க."

மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு நீளக் குழாய் நட்டிருந்தது. அதன் உச்சியில் இடிதாங்கி. கருவி மெல்ல அடிக்கத் தொடங்கியது. ரஞ்சித் கொட்டகைத் தரையை அளந்தான், தொட்டியை அளந்தான், ஐயாக்கண்ணுவின் உள்ளங்கைகளையும் அளந்தான்.

"கீழ ஒண்ணும் பயமில்லீங்க. மேல தொட்டுறாதீங்க." குழாயை இரண்டு முறை சுற்றி வந்தான். "ஒயர் எங்கீங்க?"

"எந்த ஒயருங்க?"

"உச்சியில இருந்து மண்ணுக்குள்ள எறங்குமே. செம்புப் பட்டை."

"அதுங்களா. செவுத்தோட ஒட்டியிருந்துச்சு. பேத்துப் பாத்தேன், வரலீங்க."

"அது இல்லீன்னா இது இடியைத் தாங்காதுங்க."

ஐயாக்கண்ணுவின் மனைவி அத்தாயி கொட்டகையிலிருந்து சாணிக் கையோடு வெளியே வந்தாள்.

"தாங்காதுங்களா? ஒம்பது வருசமாச்சு. போன ஐப்பசியில பக்கத்துக் காட்டு சில்வர் ஓக்கு ரெண்டாப் பொளந்துச்சு. எம் மாட்டு மேல ஒரு பொறி உளுகல."

ரஞ்சித் அந்தப் பிளந்த மரத்தைப் பார்த்தான். தூரத்தைக் கண்ணால் அளந்தான். பிறகு கையுறை மாட்டிக்கொண்டான்.

"எடுத்துத்தான் ஆகோணுங்க அக்கா," என்றாள் கவிதா. "இல்லீன்னா எம்பேருல கேசாயிரும்."

சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் கறுத்து நின்றது. கட்டியிருந்த இரண்டு மாடுகளும் காதை ஆட்டின.

"எடுத்துட்டுப் போங்க கண்ணு. நான் வேண்டாங்கல," என்றாள் அத்தாயி. "மழை வந்தா மாட்டை எங்க கட்டறதுன்னு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க."