தரையில் போட்ட வளையங்கள்

மேலே கவட்டை வழியாக இறங்கிய கயிற்றை மரத்தின் அடியில் இரண்டு சுற்று சுற்றி, மீதியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரோஸி மேலே பார்த்தாள். பெருங்களத்தூர் குடியிருப்பின் பின்பக்கத்துத் தூங்குமூஞ்சி மரம். அவள் புருஷன் கதிரேசன் நாலாவது மாடி உயரத்தில் காலை அகட்டி நின்றிருந்தான். காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான். ஏறுகிறவன் வேலை முடிந்து இறங்கும்வரை சாப்பிடுவதில்லை.

மெஷின் ரம்பம் நின்றது. கிளை முறிந்து கயிற்றில் தொங்கியது.

"வுடு ரோஸி! மெதுவா, மெதுவா!"

அவள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கிளை வந்து தரையில் உட்கார்ந்தது. கயிற்று முனையில் இருந்த கொக்கியைக் கழற்றி, கிளையில் இருந்த கயிற்று வளையத்தை உருவி, அதையே கொக்கியில் மாட்டி மேலே அனுப்பினாள்.

வளையம் அவள் யோசனை. பழைய கயிற்றைத் துண்டாக்கி, முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவாள். அவன் அதைக் கிளையில் சுற்றி, அதற்குள்ளேயே நுழைத்துக் கொக்கியை மாட்டினால் போதும். மேலே முடிச்சுப் போட வேண்டியதில்லை. வேலை சீக்கிரம் முடிகிறது என்று முதலாளி அந்தோணிசாமிக்கு சந்தோஷம். "உன் பொண்டாட்டி மூளக்காரிடா" என்பார்.

கதிரேசனால் முடிச்சுப் போட முடியவில்லை என்பது அவருக்குத் தெரியாது. வருஷக்கணக்கில் மெஷினின் அதிர்வு ஏறி, வலது கை விரல்கள் வெளுத்து மரத்துப்போயிருந்தன. காலையில் சட்டைப் பொத்தானை ரோஸிதான் போட்டுவிட்டாள். தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர், இனி மெஷினைத் தொடாதே என்றார். வெளியே வந்ததும் கதிரேசன் ஒன்றுதான் சொன்னான்: "அந்தோணிசாமி அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

போன வருஷம், இவர்களோடு மரம் ஏறிக்கொண்டிருந்த வைத்தீஸ்வரன் ஒருமுறை சறுக்கி, அதற்குப் பிறகு மேலே போனால் கால் நடுங்குகிறது என்றான். அந்தோணிசாமி கோபப்படவில்லை. "அப்ப வேற வேல பாத்துக்கப்பா" என்றார். அவ்வளவுதான்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் சத்யநாராயணன் கார் சாவியோடு வந்தார்.

"என்னங்க இது, வழி முழுக்க கிளை? ஏர்போர்ட் போகணும், ஆல்ரெடி லேட்."

"இதோ சார், ரெண்டே நிமிஷம். ரோஸி, மாரி, இழுங்க!" என்றார் அந்தோணிசாமி.

தரையில் கிளைகளைத் துண்டுபோடும் மாரி ஒரு பக்கமும் ரோஸி ஒரு பக்கமுமாகக் கிளைகளை இழுத்தார்கள். அவசரத்தில் கொக்கிக் கயிறு பெரிய கிளைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அந்தோணிசாமி வண்டியிலிருந்து கொக்கி இல்லாத வேறு கயிற்றை எடுத்து, தானே மேலே அனுப்பினார்.

"கதிரு, இதுல கட்டிக்க! டைம் ஆவுது!"

ரோஸி திரும்பி வந்தபோது, மேலே கதிரேசன் முடிச்சுப் போடக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். 'இரு, வளையம் அனுப்புறேன்' என்று சொல்லலாம். ஏன் என்று அண்ணன் கேட்பார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கயிற்றை அவள் கையில் திணித்தார். "புடி."

ரம்பம் ஓடியது. அவள் பாரத்துக்காகக் காலை ஊன்றினாள். பாரம் வரவில்லை. கிளை பைக் நிறுத்தும் கொட்டகையின் மேல் விழுந்து, தகடு இரண்டாகப் பிளந்தது.

"கதிரு! உனக்கு இன்னா ஆச்சு?" அந்தோணிசாமி மேலே பார்த்துக் கத்தினார்.

"ஒண்ணும் இல்லண்ணா." மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தான்.

எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது ரோஸி, முடிச்சு அவிழ்ந்து தொங்கிய வெறுங்கயிற்றை இழுத்து முழுசாகக் கீழே விழவைத்தாள். ஓடிப்போய் இலைகளுக்குள் குனிந்து, அதன் முனையைக் கிளையில் கட்டினாள். அந்தோணிசாமி வந்து பார்த்தபோது முடிச்சு இறுகியிருந்தது.

"கட்டு நல்லாத்தான் கீது. அப்புறம் எப்படி?"

"நான்தாண்ணா. கை வழுக்கிருச்சு."

"கீழ யாராவது இருந்திருந்தா?" என்றார் சத்யநாராயணன். "இந்த வேலைக்கெல்லாம் லேடீஸ ஏங்க கூட்டிட்டு வர்றீங்க?"

அந்தோணிசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு நாவலூர்ல மாரி கயிறு புடிக்கட்டும். நீ வூட்ல இரு ரோஸி."

"நாளைக்கு மட்டுமாண்ணா?"

அவர் உடைந்த தகட்டைப் பொறுக்கத் தொடங்கினார். மேலே ரம்பம் மறுபடி ஓடியது.

சாயங்காலம் ரோஸியும் கதிரேசனும் வண்டியில் கிளைகளின் மேல் உட்கார்ந்து திரும்பினார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி ஊர்ந்தது.

"நீ ஏன்டி பழிய ஏத்துக்கின?"

"பின்ன? உன் கைய காட்டச் சொல்றியா?"

அவள் பழைய கயிற்றைக் கத்தியால் துண்டு போட்டாள்.

"மாரி வளையத்தத் திருப்பி அனுப்புவானா?"

"அவனா? அறுத்துப் போட்டுட்டுப் பூடுவான்."

"நாவலூர் மரம் எம்மாம் பெருசு?"

"இன்னும் பாக்கல."

முடிச்சைக் காலால் மிதித்து இறுக்கினாள். கிளைக்கு ஒன்று வேண்டும்; ஒன்று முடிந்ததும் அடுத்தது. பை நிறைந்துவிட்டது. கடைசி வளையத்தை அவன் வலது கையில் வைத்து, "புடி" என்றாள். அவன் விரல்களை மடக்கினான்.

வண்டி குலுங்கியது. வளையம் நழுவி இலைகளுக்குள் விழுந்தது. கதிரேசன் ரோட்டைப் பார்த்தபடி, இன்னும் அதைப் பிடித்திருப்பவனைப் போல விரல்களை மடக்கியே வைத்திருந்தான்.