எலிவேட்டர் வரைக்கும் இங்கிலாந்து

என் மனுசன் சீமோனுக்கு ஒரு விசயம் தலைக்குள் போனால் போனதுதான். இருபது வருசம் தொழிற்சாலையில் நின்று வேலை செய்து ஓய்வு பெற்றவருக்கு, என்னோடு இங்கிலாந்துக் கிராமங்களில் ஆறு நாள் நடந்து திரிய ஆசை வந்துவிட்டது. வழிகாட்டி முன்னே போவாராம். பெட்டிகளை ஒரு வான் வண்டி கொண்டுபோய் அடுத்த ஊர் விடுதியில் இறக்குமாம். நாங்கள் கையை வீசிக்கொண்டு நடப்போமாம்.

"நடக்கிறதுக்கும் ஒரு ஆள் வந்து வழி காட்டவேணுமோ?" என்று கேட்டேன். பதிலுக்கு இரண்டு சோடி நடைச் சப்பாத்து வாங்கி வந்தார், ஒன்று எனக்கு.

நடை தொடங்கவேண்டிய நாள் 2009 மே பதினெட்டு. அன்றுதான் வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. நாங்கள் பயணத்தை எப்போதோ கைவிட்டிருந்தோம். என் தங்கச்சி மக்டலீனும் இரண்டு பிள்ளைகளும் அங்கே அகப்பட்டிருந்தார்கள், மாசியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குப் பாடமான ஒரே நம்பர் எங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி வீட்டு நம்பர். அந்தப் போனை விட்டு நான் எங்கே போவேன்? "நீங்கள் மட்டும் போட்டு வாங்கோ" என்றுதான் சொன்னேன். "நீர் இல்லாமல் நான் ஆரோடை சண்டை பிடிச்சுக்கொண்டு நடக்கிறது?" என்றுவிட்டார்.

போனுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே கிடந்தேன். சாப்பாடும் இல்லை, சீப்பெடுத்துத் தலை இழுப்பதும் இல்லை. மறுநாள் காலை சீமோன் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு என் சப்பாத்தோடு வந்து நின்றார். பயண ஏற்பாட்டுக்காரர் அனுப்பிய வழிக்குறிப்புப் புத்தகமும் கையில் இருந்தது.

"எழும்பும். கொரிடோரிலை நடப்பம். கோட்லெஸ் போனைக் கையிலை வைச்சிரும். எலிவேட்டர் வரைக்கும் வேலை செய்யுது, நான் செல்லிலை அடிச்சுப் பாத்திட்டன்."

"உங்களுக்கென்ன விசரோ?" என்று சீறினேன். அவர் குனிந்து என் காலில் சப்பாத்தை மாட்டத் தொடங்கினார். உச்சந்தலையின் வழுக்கை வட்டத்தைப் பார்த்ததும் என் கோபம் இளகிவிட்டது.

பதினாலாம் மாடியில் எங்கள் இங்கிலாந்து அப்படித்தான் தொடங்கியது. புத்தகத்தில் உள்ள ஒரு மைலுக்குக் கொரிடோரில் ஆறு தடவை நடந்தால் போதும் என்று சலுகை வேறு. "இப்ப வேலியிலை மரப்படி, காலைத் தூக்கும்" என்பார், தூக்குவேன். "இடப்பக்கம் பழைய தேவாலயம்" என்பார், அது குப்பை போடும் அறை. "மாடுகள் நிக்கும், பயப்பிடாமல் வாரும்" என்று அவர் சொன்னபோது பக்கத்து வீட்டு ராஜி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெல்ல மூடினாள். எலிவேட்டர் வாசலோடு திரும்பிவிடுவோம். அதைத் தாண்டினால் போன் செத்துவிடும். மூன்றாம் நாள் எனக்குப் பசித்தது. சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் மனுசன் கண்டுபிடித்துப் புட்டு அவித்துத் தந்தார்.

கடைசி நாள், கடைசிப் பக்கம். குன்றின் உச்சியில் நின்றால் ஐந்து கிராமங்கள் தெரியும் என்று போட்டிருந்தது. கொரிடோர் முடிகிற இடத்தில் ஒரு ஜன்னல், எலிவேட்டருக்கு அப்பால் பத்தடி.

"வாரும், எட்டிப் பாத்திட்டு வருவம்."

"நான் அங்காலை வரமாட்டன். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் ஜன்னலில் நின்று மாடிக் கட்டடங்களை ஒவ்வொரு கிராமமாகச் சொல்லத் தொடங்கினார். அப்போது போன் அடித்தது.

"அக்..." பிறகு ஒரே இரைச்சல்.

வீட்டை நோக்கி ஓடினேன். அறுபது வயதுக்காரியின் ஓட்டம். "முன்னுக்கு ராஜி வீட்டுச் சைக்கிள்! வலப்பக்கம் வாரும்! கதவு திறந்துதான் கிடக்கு!" என்று கத்திக்கொண்டு என் வழிகாட்டி பின்னால் வந்தார்.

வாசலைத் தாண்டியதும் குரல் தெளிந்தது. மக்டலீன்தான்.

"அக்கா, முகாமிலை நிக்கிறம். மூண்டு பேரும் இருக்கிறம். இது வேறை ஆரோ ஒருத்தரின்ரை போன்." கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். பிறகு கேட்டாள். "ஏனக்கா உப்பிடி மூச்சு வாங்குது?"

"நடந்துகொண்டு நிண்டனான்."

"நாங்களும் நடந்துதான் வந்தனாங்கள். செருப்பெல்லாம் தண்ணிக்குள்ளை போட்டுது."

குனிந்து என் கால்களைப் பார்த்தேன். இத்தனை நாள் நடந்த சப்பாத்தில் ஒரு பொட்டு மண் இல்லை. சொல்ல எவ்வளவோ இருந்தது, வாயில் வந்தது ஒன்றுதான்.

"மக்டலீன், உன்ரை கால் இப்பவும் என்ரை அளவுதானே?"

"ஓமக்கா" என்றாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, லைன் அறுந்துவிட்டது.

சீமோன் மூச்சிரைக்க வந்து என் முகத்தைப் பார்த்தார். "மூண்டு பேரும் இருக்கினம்" என்றேன். கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"இதின்ரை பெட்டியை எறிஞ்சுபோட்டியளோ?"

"இல்லையப்பா, கட்டிலுக்குக் கீழை கிடக்கு" என்று எடுக்கப் போனார்.