கல் என்றால் நேற்று

அல்பாக்கா சுல்தானின் முதுகிலிருந்து கடைசிப் பட்டை ரோமம் வழிந்து விழுந்தபோது கிளிட்டஸ் கொட்டகைக்குள் வந்தான்.

"லேய், என்ன செஞ்சு வச்சிருக்க? நாளைக்கு ஃபைனல்டே!"

வைரவன் மெஷினை அணைத்தான். தார்ப்பாயில் பழுப்பு ரோமம் போர்வை மாதிரி விரிந்து கிடந்தது. கால் கட்டப்பட்டுக் கிடந்த சுல்தான், தோலுரித்த ஆடு மாதிரி மெலிந்துபோய்க் கழுத்தை நீட்டிக் கத்தியது. அது விசா கொடுத்த முதலாளி, கபீலின் பொலிகடா. நேற்றுதான் கண்காட்சியில் முதல் ரிப்பன் வாங்கியிருந்தது. நடுவர் தோள் ரோமத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் மார்க் போடுவார். மொட்டைக் கடாவைப் பந்தயத்தில் நிறுத்த முடியாது.

"காலையில ஃபோர்மேன் என்னடா சொன்னான்? 'ஷோ கல் கலாஸ்'னு ரெண்டு விரலைக் கத்திரி மாதிரி ஆட்டல? நீயும்தான ஏணியில நின்னு ஏசி பாத்துக்கிட்டிருந்த!" என்றான் வைரவன்.

இந்தியில் 'கல்' என்றால் நேற்றும்தான், நாளையும்தான். நாளைக்கு ஷோ முடியும், அப்புறம் வெட்டு என்று ஃபோர்மேன் குல்ஷேர் கான் சொல்லியிருந்தான். நேற்றே முடிந்தது, வெட்டு என்று வைரவன் எடுத்துக்கொண்டான். ஷோவுக்கு அவனை யாரும் கூட்டிப்போனதில்லை. கடாவோடு போனதெல்லாம் கிளிட்டஸ்தான்.

ஷோ முடிந்ததும் கொட்டகைக்கு ஒரு ஆள் போதும், இன்னொருவனுக்கு விசா கேன்சல் என்று கபீல் முன்பே சொல்லியிருந்தார். கிளிட்டஸின் மனைவி ஜிஷா ஷார்ஜாவில் நர்ஸ். வைரவன் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

குல்ஷேர் வந்தான். பின்னாலேயே கபீலும் வந்துவிட்டார். யார் வெட்டச் சொன்னது என்று உருதுவில் கேட்டார்.

"ஃபோர்மேன் போலா," என்றான் வைரவன்.

"ஜூட்! ஜூட்!" குல்ஷேர் கத்தினான். பொய்யாம்.

"இவனும் கேட்டுக்கிட்டிருந்தான் அர்பாப்." வைரவன் கிளிட்டஸைக் காட்டினான். "சொல்லுடா!"

கிளிட்டஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "மாலும் நஹி, அர்பாப்." தெரியாதாம். ஏசி சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லையாம்.

கபீல் வைரவனை நோக்கி விரலை நீட்டினார். "கேன்சல்." ரோமத்தையாவது பிரித்து நூலுக்கு அனுப்பு, அதுவும் கெட்டால் நீயும் கேன்சல் என்று கிளிட்டஸிடம் சொல்லிவிட்டு வண்டியேறினார். குல்ஷேர் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான்.

"தூ! காது அடைச்சுப்போச்சா, மானங்கெட்டவனே?"

"எனக்கும் குடும்பம் உண்டும்டே. நீ எனக்குன்னா சாட்சி சொல்லியிருப்பியாக்கும்?"

"செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

ஓரத்தில் ஒதுக்கியிருந்த கால் ரோமம், வயிற்று ரோமம், சாணி ஒட்டிய வால் ரோமம் எல்லாவற்றையும் வைரவன் அள்ளி நடுவிலிருந்த முதுகு ரோமத்தின்மேல் கொட்டினான். பூட்ஸ் காலால் மிதித்து உழப்பினான்.

"லேய்! முரட்டு ரோமம் கலந்தா நூலுக்கு ஆகாதுலே!"

"நீதான இங்க இருக்கப்போற. பொறுக்கு."

கிளிட்டஸ் கையை ஓங்கினான். வைரவன் நகரவில்லை. வெட்டு மெஷின் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. ஓங்கிய கை இறங்கியது. கிளிட்டஸ் தார்ப்பாயில் மண்டியிட்டு முரட்டு இழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான்.

"கடாவ அவுத்து விட்டுட்டாவது போலே."

"உன் கடா," என்றான் வைரவன். மெஷினைச் சாணியில் எறிந்துவிட்டு ரூமுக்கு நடந்தான்.